வீட்டிலேயே ஃபிளேவர் கப்புசினோ: மிஷின் விலை பார்ப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ஏலக்காய், பட்டை, கேரமல், ஹேஸல்நட் என்று ஏதாவது ஒரு வாசனை சேர்த்த கப்புசினோவை வீட்டில் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது எஸ்பிரஸோ மிஷின் விலை பார்ப்பது. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கப்புசினோ நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் பாலில்தான் இருக்கிறது. அடுத்தது, வாசனையை எந்த இடத்தில் சேர்க்கிறோம் என்பது. காபி மூன்றாவதுதான். இப்படிச் சொன்னால் காபிப் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

வீடியோக்களில் சிக்கல் வரும் இடத்தைத்தான் வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். அங்கே தடுமாறித் தடுமாறித்தான் எனக்கு இது பிடிபட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாமே என்று, நம் ஊர் பாக்கெட் பால், காஸ் அடுப்பு, கடைத் தூள் ஆகியவற்றை வைத்தே வரிசையாக எழுதுகிறேன். விலைகள் எல்லாம் தோராயமானவை; கடைக்குக் கடை மாறும்.

1. முதலில் கோப்பையைத் தேர்ந்தெடுங்கள்

கப்புசினோ சின்னக் கோப்பைச் சமாச்சாரம். 150 முதல் 180 மி.லி. வரை பிடிக்கும் கப் போதும். அடியில் கெட்டியான கறுப்புக் காபி, அதோடு கலந்த சூடான பால், மேலே ஒரு விரற்கடை அளவுக்கு நுரை. வீட்டில் பரிசாக வந்த 300 மி.லி. மக்கை எடுத்தால் அதை நிரப்பப் பாலை ஊற்றிக்கொண்டே போவீர்கள். காபி வாசனையும் போகும், நீங்கள் சேர்த்த ஏலக்காயும் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சர்க்கரையையும் சொட்டுத் தண்ணீர் விட்டு வெளுக்கும்வரை அடித்து, மேலே சூடான பாலை ஊற்றுவது வேறு பானம். ருசியாகத்தான் இருக்கும், நானும் குடிப்பேன். ஆனால் அதில் நுரைப்பது காபி. கப்புசினோவில் நுரைக்க வேண்டியது பால். கல்யாண வீட்டு ‘எஸ்பிரஸோ காபி’ ஸ்டாலில் கிடைப்பதும் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூள் போட்ட பாலில் நீராவியைப் பாய்ச்சி, சாக்லேட் தூள் தூவிக் கொடுப்பதுதான்.

2. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

வீட்டில் பித்தளையிலோ ஸ்டீலிலோ காபி ஃபில்டர் இருந்தால் காபிக்கென்று நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். முதல் டிகாக்‌ஷன் தாராளமாகப் போதும். பாலுக்கு மட்டும் ஒரு ஃப்ரோத்தர், அதாவது பாலை அடித்து நுரைக்க வைக்கும் சின்னக் கருவி, வாங்குங்கள். பேட்டரியில் ஓடும் கைப்பிடி ஃப்ரோத்தர் 200 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. சார்ஜ் செய்யும் வகை கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் வேகம் குறையாமல் சுற்றும். பேட்டரி வகை வாங்கினால் சாதாரண மலிவு பேட்டரி போடாதீர்கள், ஆல்கலைன் போடுங்கள். பாதிச் சுற்றில் ஓடும் ஃப்ரோத்தர் நுரைக்குப் பதிலாகக் குமிழிதான் தரும்.

வீட்டில் ஃபிரெஞ்ச் பிரஸ் (வடிகட்டி பொருத்திய கைப்பிடியை அழுத்திக் காபி வடிக்கும் குவளை) இருந்தால் ஃப்ரோத்தரும் தேவையில்லை. எப்படி என்று ஏழாவது படியில் சொல்கிறேன்.

காபி இன்னும் கெட்டியாக வேண்டும் என்றால் அடுத்த படி மோக்கா பாட், அதாவது அடியில் கொதிக்கும் தண்ணீர் ஆவி அழுத்தத்தில் தூள் வழியாக ஏறி மேலே காபியாக வழியும் அடுப்புப் பாத்திரம். இந்தியத் தயாரிப்பு அலுமினிய வகை 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் வரும். வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ‘3 கப்’ என்று போட்டிருந்தால் அது இத்தாலியக் குட்டிக் கப் கணக்கு. மொத்தமே 110, 120 மி.லி. காபிதான் வரும், நமக்கு இரண்டு கப்புசினோ. இரண்டு, அலுமினிய பாட் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. இண்டக்‌ஷன் வீடு என்றால் அடிப்பாகம் காந்தம் ஒட்டும் ஸ்டீலாக இருக்க வேண்டும். மூன்று, நம் காஸ் அடுப்பின் தாங்கிக் கம்பிகள் பெரிய பாத்திரத்துக்கு அளவெடுத்தவை. சின்ன பாட் அதில் நிற்காமல் சாயும். பாத்திரக் கடையில் சின்ன வட்டத் தாங்கி கிடைக்கும், பர்னர் மேல் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் காபி கையில் கவிழ்வதைவிட அந்தச் செலவு மேல்.

முடிந்தால் குச்சி வடிவ டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, 300 ரூபாய் சுமாருக்கு. கட்டாயமில்லை, ஆனால் கை பழகும்வரை நிறையப் பாலை மிச்சம் பிடிக்கும்.

இனி மிஷின். 10,000 ரூபாய் சுற்றுவட்டாரத்தில் ‘15 பார்’, ‘20 பார்’ என்று பெரிதாக அச்சடித்த மிஷின்கள் உண்டு. பார் என்பது அழுத்தத்தின் அலகு; எஸ்பிரஸோவுக்கு வேண்டியது 9 பார் அழுத்தம்தான். பெட்டியில் இருக்கும் எண் பம்ப் எட்டக்கூடிய உச்சம். அதைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். அதைவிட மலிவாக, பம்ப் இல்லாமல் நீராவி அழுத்தத்தில் மட்டும் ஓடும் வகையும் இருக்கிறது. அதில் வரும் காபி மோக்கா பாட் காபியைவிட எந்த விதத்திலும் உசத்தி இல்லை.

இல்லை, மிஷின்தான் வேண்டும் என்றால் காகிதங்களில் கவனமாக இருங்கள். உங்கள் ஊரில், குறைந்தது பக்கத்து மாவட்டத் தலைநகரிலாவது, சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பில்லில் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் இருக்கட்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அன்றைக்கே போட்டு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். உடைந்து வந்திருந்தால் வாதாட அதுதான் சாட்சி. உப்புப் படிவுக்கு வாரண்டி உண்டா என்று சிறிய எழுத்தைப் படியுங்கள், பெரும்பாலும் இருக்காது. போர் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரமே உப்புப் படியும். 1,400 வாட் மிஷின் 6 ஆம்பியருக்குச் சற்று மேலாகவே இழுக்கும் என்பதால் மிக்ஸி செருகும் சின்ன பிளக்கில் வேண்டாம், 16 ஆம்பியர் பவர் பிளக்கில் போடுங்கள்.

3. தூள் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

நம் கடைகளில் ‘காபித்தூள்’ என்று கேட்டால் சிக்கரி கலந்ததைத்தான் கொடுப்பார்கள். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அப்படியென்றால் 49 சதவீதம் வரை சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரியான சரக்குதான். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

மோக்கா பாட்டுக்குச் சிக்கரியே வேண்டாம். தண்ணீர் பட்டதும் சிக்கரி ஊறிப் பிசுபிசுவென்று ஆகி வடிகட்டியை அடைக்கும். அடைத்தால் அழுத்தம் போக வழி இருக்காது. ஃபில்டரில் போடுகிறவர்கள் பத்து, இருபது சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். கேரமல், கருப்பட்டி மாதிரி கனமான வாசனைக்கு அது ஒத்துப்போகும். வெனிலாவுக்கும் ஏலக்காய்க்கும் சிக்கரி இல்லாத தூளே நல்லது. சிக்கரியின் கசப்பு அவற்றை அமுக்கிவிடும்.

கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை உங்கள் பகுதியில் இருந்தால் அங்கே போங்கள். ‘சிக்கரி இல்லாமல், பிளான்டேஷன் முக்கால் பங்கு, ராபஸ்டா கால் பங்கு, ஃபில்டருக்கு அரைக்கிற பதம்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். பிளான்டேஷன் என்று கடையில் சொல்வது அராபிகா வகையை. ராபஸ்டா கொஞ்சம் சேர்வது பாலைத் தாண்டிக் காபி தெரிவதற்காக. அந்தப் பதமே மோக்கா பாட்டுக்கும் ஏறக்குறையச் சரியாக வரும். 200 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

4. வாசனைப் பாகை முந்தின நாளே காய்ச்சி வையுங்கள்

ஃபிளேவர் கப்புசினோவில் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். வாசனை காபியோடு சேர வேண்டும், பாலோடு சேரக் கூடாது. பாலில் பாகையோ எசன்ஸையோ கலந்து நுரைக்கப் பார்த்தால் நுரை சரியாகப் பிடிக்காது. பொடி கலந்தால் வண்டல் தங்கும். எண்ணெய்ப் பசை உள்ள எதைக் கலந்தாலும் நுரை உட்கார்ந்துவிடும். அதனால் வாசனையைப் பாகாக்கி, கோப்பையின் அடியில் ஊற்றி, அதன் மேல் காபி.

அடிப்படைப் பாகு இதுதான்: 100 கிராம் சர்க்கரை, 100 மி.லி. தண்ணீர். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். பிசுக்குப் பதம்கூட வரக் கூடாது. கம்பிப் பதம் வரை விட்டால் ஃபிரிட்ஜில் கற்கண்டாக இறுகிவிடும். சுமார் 150 மி.லி. பாகு வரும், பத்து கப்புக்குக் காணும். சுத்தமான, ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் இருக்கும். கலங்கினாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

ஏலக்காய்: எட்டு, பத்துக் காயைத் தோலோடு நசுக்கி, தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் சிறு தீயில், மூடி போட்டு. பிறகு சர்க்கரை. கரைந்ததும் இறக்கி, மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டு வடிகட்டுங்கள். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், பாகு மணக்காது. போடியில் ஏலம் போகும் 8 மி.மீ. முதல்தரக் காய் இதற்குத் தேவையில்லை. வாசனை விதையில்தான் இருக்கிறது. சின்னதாக, வாய் பிளந்து கிடக்கும் மலிவுக் காய் போதும்.

பட்டை: மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த, ஒற்றைத் தோலாகச் சுருண்ட பட்டை பெரும்பாலும் காசியா வகை. காரம் தூக்கலாக இருக்கும், பிரியாணிக்கு நல்லது. கப்புசினோவுக்கு இலங்கைக் கறுவா இனிமையாக இருக்கும். மெல்லிய சருகுகள் அடுக்கடுக்காகச் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்குவதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு துண்டுதான் செலவு. பத்து நிமிடம் காய்ச்சுங்கள், வற்றிய அளவுக்குத் தண்ணீர் சேருங்கள். கடைப் பட்டையே இருந்தால் ஒரு துண்டு போதும்.

கேரமல்: தடித்த பாத்திரத்தில் சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் உருக்குங்கள். தேன் நிறம் தாண்டிச் செம்பழுப்பு வந்ததும் அடுப்பை அணையுங்கள், புகை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போது கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பச்சைத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் எரிமலைதான். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, நீளக் கரண்டியால் கிளறுங்கள், குழந்தைகள் சமையலறையில் இருக்க வேண்டாம். கடைசியில் இரண்டு சிட்டிகை உப்பு. எனக்குப் பிடித்தது இதுதான்.

கருப்பட்டி: உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். 100 கிராமைத் தட்டி, 80 மி.லி. தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். மண் கட்டாயம் இருக்கும், டீ வடிகட்டி பிடிக்காது. அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி சேர்த்து ஒரு கொதி. கருப்பட்டிக்கும் வெல்லத்துக்கும் லேசான அமிலத்தன்மை இருப்பதால் கொதிக்கும் பாலில் பட்டால் திரிந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கப்புசினோவில் அந்தப் பயம் குறைவு. பாகு ஆறியிருக்கிறது, காபியில் கரைந்துவிடுகிறது, பாலும் கொதி நிலைக்கு வெகு கீழேதான் இருக்கிறது. சுக்குக்குப் பதில் பச்சை இஞ்சி மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள நொதி பாலைத் திரித்துவிடும்.

வெனிலா எசன்ஸ் என்றால், பாகு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு தேக்கரண்டி. கொதிக்கும்போது ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும். ஆரஞ்சு வாசனை பிடிக்குமென்றால் தோலின் மேல்பகுதியை மட்டும் சீவிப் பாகில் ஊற வையுங்கள். வெள்ளைப் பகுதி கசக்கும், சாறு பாலைக் கெடுக்கும்.

ஹேஸல்நட்டை மட்டும் கடையில் சிரப்பாக வாங்குவதுதான் நடைமுறை. பருப்பை அரைத்துப் போட்டால் எண்ணெய் பிரிந்து நுரையைக் கொல்லும். பெரிய பாட்டில் 700 மி.லி. சுமார், விலை 500 ரூபாய்க்கு மேல். மில்லிக் கணக்குப் போட்டால் லாபம் மாதிரி தெரியும். ஒருவர் இருவர் குடிக்கும் வீட்டில் தீராது. 250 மி.லி. வாங்குங்கள். கடைச் சிரப் நம் பாகைவிட இனிப்பு அதிகம், எனவே 10 மி.லி.யில் தொடங்குங்கள். ‘சுகர் ஃப்ரீ’ என்று இருந்தால் எந்தச் செயற்கை இனிப்பு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

5. காபியை இறக்குங்கள்

ஃபில்டர் வழி: ஒரு கப்புக்கு 20 கிராம் தூள், அதாவது தலை தட்டிய நான்கு டேபிள்ஸ்பூன். லேசாகச் சமப்படுத்தி, குடையை வைத்து, கொதித்து அடங்கிய தண்ணீர் 100 மி.லி. தூளே பாதியைக் குடித்துவிடும். 50, 60 மி.லி. இறங்கும், அவ்வளவுதான் வேண்டும். கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகும். இரண்டாம் டிகாக்‌ஷனைக் கலக்காதீர்கள், அதைச் சாயங்காலக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறிப்போனால் டிகாக்‌ஷனை அடுப்பில் நேராக வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றுங்கள்.

மோக்கா வழி: கீழ்ப் பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றுங்கள், பக்கவாட்டில் இருக்கும் பாதுகாப்பு வால்வுக்குக் கீழே நிற்கட்டும். பச்சைத் தண்ணீரில் தொடங்கினால் தூள் நெடுநேரம் சூட்டில் வெந்து கசக்கும். கூடையில் தூளை நிரப்பி விரலால் வழித்துவிடுங்கள், அழுத்தவே கூடாது. சூடான கீழ்ப்பாகத்தைத் துணியால் பிடித்து இறுக்கித் திருகி, மூடியைத் திறந்தபடி சின்ன பர்னரில் சிறு தீயில் வையுங்கள். முதலில் கறுப்பாக, பிறகு தேன் நிறத்தில் வழியும். வெளுத்து, ‘களக் களக்’ என்று சத்தம் தொடங்கும்போதே அணைத்து, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். சத்தம் தொடங்கிய பிறகு வருவது கசப்பு மட்டும்தான். மொத்தம் ஐந்தாறு நிமிடம். காபி வராமல் ஓரத்தில் நீராவி சீறினால் தீயை அணைத்துவிட்டு நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு திருகித் திறக்காதீர்கள்.

மோக்கா பாட்டிலும் ஒன்றிரண்டு பார் அழுத்தம்தான், எனவே எஸ்பிரஸோ மாதிரி 30 மி.லி. போதாது. ஒரு கப்புக்கு 50 மி.லி. எடுங்கள்.

6. பால்: எந்தப் பாக்கெட், எவ்வளவு சூடு

நுரையைத் தாங்குவது பாலில் உள்ள புரதம். கொழுப்பு ருசியையும் வழவழப்பையும் கொடுக்கும். கொழுப்பு நிறைந்த பால்தான் நன்றாக நுரைக்கும் என்று நினைத்து எல்லோரும் கெட்டிப்பால் வாங்குகிறார்கள்; அது அவசியமில்லை. ஆவின் கணக்கில் சொன்னால் நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. நான் பச்சையைச் சொல்வேன். நீலத்தில் நுரை உயரமாக வரும், வாயில் கொஞ்சம் வெறுமையாக இருக்கும். ஆரஞ்சில் ருசி பிரமாதம், நுரை கனத்துச் சீக்கிரம் அமரும். கேரமலுக்கு மட்டும் ஆரஞ்சு பொருந்தும்.

பாக்கெட் எந்த நிறமானாலும் இரண்டு நிபந்தனை: புதிதாக இருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் குளிர்ச்சியோடு இருக்க வேண்டும். கெடும் தறுவாயில் இருக்கும் பால் வாயில் நன்றாக இருந்தாலும் நுரைக்காது, சோப்புக் குமிழி மாதிரி படபடவென்று உடையும்.

அடுத்தது நம் வீட்டுப் பழக்கம். பால் வந்ததும் பொங்கப் பொங்கக் காய்ச்சி, ஆடை கட்டவிட்டு, திரும்பத் திரும்பச் சுட வைக்கிறோம். அந்தப் பால் கப்புசினோவுக்கு ஆகாது. ஆடைத் துணுக்குகள் நுரையை உடைக்கும், வேகவைத்த வாசனையும் வந்துவிடும். பாக்கெட் பால் பாஸ்சுரைஸ் செய்து வருவதால், குளிர்ச்சி விடாமல் வீட்டுக்கு வந்த புதுப் பாக்கெட்டை நேரே 60 டிகிரிக்குச் சுட வைத்தால் போதும். காய்ச்சாத பாலைக் குடிக்க வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லையா? ஒரே ஒரு முறை காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை வடித்து, ஃபிரிட்ஜில் குளிரவிட்டுப் பிறகு எடுங்கள். பால்காரரிடம் வாங்கும் கறந்த பால் என்றால் இப்படிக் காய்ச்சியே ஆக வேண்டும். தொந்தரவே வேண்டாம் என்பவர்களுக்கு டெட்ரா பேக் பால் இருக்கிறது. விலை கூடுதல், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி நுரைக்கும்.

ஒரு கப்புக்கு 110, 120 மி.லி. பால் எடுங்கள்; நுரைத்த பிறகு கோப்பை நிறைந்ததுபோகக் கொஞ்சம் மிஞ்சும். சூடு 55 முதல் 65 டிகிரி. 70-ஐத் தாண்டினால் நுரை நிற்காது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாத்திரத்தின் ஓரத்தில் பாருங்கள். ஊசிமுனைக் குமிழிகள் வரிசை கட்டத் தொடங்கி, மேலே லேசாக ஆவி எழும். பாத்திரத்தை வெளியில் தொட்டால் ஒரு நொடி தாங்கும், இரண்டாவது நொடி கை தானாக விலகும். அதுதான் இறக்கும் நேரம். கடையில் கிடைப்பதுபோல ‘நாக்கைச் சுடும்’ காபி கேட்பவர்கள் வீட்டில் இருந்தால் கோப்பையைச் சுட வையுங்கள், பாலை வேண்டாம்.

7. நுரை

குறுகலான, உயரமான பாத்திரம் எடுங்கள், பெரிய டம்ளர்கூடப் போதும். பால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஃப்ரோத்தரைப் பாலுக்குள் இறக்கிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும், நிறுத்திய பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் துடைக்கும் வேலை.

பாத்திரத்தைக் கொஞ்சம் சாய்த்து, சுருளின் தலை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி பத்துப் பதினைந்து நொடி. இப்போதுதான் காற்று உள்ளே போகிறது. ‘சர்’ரென்று மெல்லிய சத்தம் வரும். பால் ஒன்றரை மடங்கு ஆனதும் தலையை ஆழத்துக்கு இறக்கி இன்னும் பதினைந்து நொடி சுற்றவிடுங்கள். பெரிய குமிழிகள் இதில்தான் பொடிப்பொடியாகும். பெரும்பாலானவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் டீ ஆற்றினாற்போல் பெருங்குமிழி நின்று, இரண்டு வாய்க்குள் மறைந்துவிடுகிறது.

பாத்திரத்தை மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, வட்டமாகச் சுழற்றுங்கள். மேற்பரப்பு பெயின்ட் அடித்த மாதிரி பளபளத்தால் சரி.

ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் செய்வதென்றால் சூடான பாலை மூன்றில் ஒரு பங்குக்கு ஊற்றி, கைப்பிடியை இருபது முப்பது தடவை வேகமாக மேலும் கீழும். கண்ணாடி வகை என்றால் முதலில் வெந்நீரில் கழுவிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சூடான பாலை மிக்ஸி ஜாரில் போட்டு அடிக்கும் யோசனையை எங்காவது பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள். ஆவி மூடியைத் தூக்கி எறியும். மூடிய பாட்டிலில் போட்டுக் குலுக்குவதும் அதே ஆபத்துதான்.

8. கோப்பையில் சேர்ப்பது

கோப்பையில் வெந்நீர் ஊற்றி வைத்து, கொட்டி, துடைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாகு 15 மி.லி., அதாவது மூன்று தேக்கரண்டி. இதிலேயே சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது, தனியாகச் சர்க்கரை வேண்டாம். அதன் மேல் சூடான காபி 50 மி.லி. ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். கலக்காவிட்டால் பாகு அடியிலேயே படுத்துக்கொள்ளும், கடைசி வாய் மட்டும் பாயசமாக இருக்கும்.

பிறகு பால். நுரையைக் கரண்டியால் தடுத்துக்கொண்டு திரவப் பாலை நடுவில் ஊற்றுங்கள், மிச்ச நுரையைக் கடைசியில் வழித்து மேலே விடுங்கள். மேலே தூவுவது ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்: கோகோ, ஜாதிக்காய்த் துருவல், பட்டைப்பொடி எதுவானாலும் டீ வடிகட்டி வழியாகத் தூவினால் திட்டுத் திட்டாக விழாது. உள்ளே ஏலக்காய் என்றால் மேலே பட்டை தூவாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மசாலா டீ நினைப்புத்தான் வரும்.

9. நேரக் கணக்கு

காபி இரண்டு நிமிடம் காத்திருக்கும், நுரை காத்திருக்காது. அதனால் நுரை எப்போதும் கடைசி வேலை. மோக்கா பாட் வைத்திருப்பவர்கள் அதை அடுப்பில் ஏற்றிவிட்டு, காபி வழியத் தொடங்கும்போது பக்கத்து பர்னரில் பாலை வையுங்கள். பாகு தயாராக இருந்தால் மொத்தம் பத்து, பன்னிரண்டு நிமிடம். ஃபில்டர் என்றால் டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அரை மணி.

10. ஒரு கப்புக்கு எவ்வளவு ஆகும்

தூள் கிலோ 1,000 ரூபாய் என்று வைத்தால் 20 கிராமுக்கு 20 ரூபாய். மோக்கா பாட்டில் ஒரு கப்புக்கு எட்டு கிராம்தான் செலவாகும், 8 ரூபாய். பால் லிட்டர் 60 ரூபாய் என்றால் 120 மி.லி.க்கு 7 ரூபாய் சொச்சம். வீட்டுப் பாகு இரண்டு மூன்று ரூபாய். ஆக மோக்காவில் 20 ரூபாய்க்குள், ஃபில்டரில் 30 ரூபாய். கஃபேயில் பெரும்பாலும் 200 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. மோக்கா பாட், ஃப்ரோத்தர் இரண்டும் வாங்கிய பணம் பதினைந்து கப்புக்குள் கழிந்துவிடும். மிஷினுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், வாங்கலாமா என்று நீங்களே சொல்வீர்கள்.

11. குடித்த கையோடு கழுவுவது

ஃப்ரோத்தரை ஒரு டம்ளர் வெந்நீரில் விட்டுப் பத்து நொடி ஓட்டுங்கள். பால் காய்ந்து தண்டில் ஏறினால் இரண்டு நாளில் வாடை வரும், மோட்டாரும் திணறும். கைப்பிடியைத் தண்ணீரில் முக்காதீர்கள். மோக்கா பாட்டை ஆறவிட்டுத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பிரித்தபடியே காயவையுங்கள். அலுமினியம் என்றால் பாத்திரம் கழுவும் மிஷினிலும் போட வேண்டாம், ஸ்டீல் நாரும் வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் நாளடைவில் இறுகும். ஓரத்தில் ஆவி கசியத் தொடங்கினால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், பாட் வாங்கும்போதே ஒரு உபரி வளையம் கேட்டு வாங்கி வையுங்கள்.

12. நாலு பேர் வந்துவிட்டால்

எல்லோருக்கும் ஒரே தடவையில் பால் நுரைக்கப் பார்க்காதீர்கள். கைப்பிடி ஃப்ரோத்தர் இரண்டு கப்புக்கு மேல் தாங்காது. காபியை மொத்தமாக இறக்கி, வெந்நீர்ப் பாத்திரத்தில் சூடாக வைத்துக்கொண்டு, கோப்பைகளில் பாகையும் காபியையும் முதலிலேயே கலந்து வரிசையாக வைத்துவிடுங்கள். பிறகு இரண்டிரண்டு கப்பாகப் பாலை நுரைத்து ஊற்றி, அப்போதைக்கப்போது கையில் கொடுத்துவிடுங்கள். சர்க்கரை இல்லாமல் கேட்பவருக்குப் பாகுக்குப் பதிலாக, தூளோடு இரண்டு ஏலக்காயை நசுக்கிப் போட்டு டிகாக்‌ஷன் இறக்கினால் வாசனை வந்துவிடும். இதை ஃபில்டரில் மட்டும் செய்யுங்கள், மோக்கா பாட்டில் வேண்டாம்.